எனக்கு முன்னால் புறப்பட்ட பெட்டி

பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு எங்கள் வீட்டிலிருந்து முதலில் புறப்பட்டது நான் இல்லை. என் டிரங்குப் பெட்டி. வெள்ளிக்கிழமை காலையிலேயே அது பஸ் ஏறிவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. உடன் படித்தவர்களிடம் இதைச் சொன்னபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் இன்றுவரை முழுதாகச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கொஞ்சம் மானாவாரி நிலம். பருத்தி போடுவார், சோளம் போடுவார், மழை பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துத் திட்டுவார். பஞ்சாங்கத்தை அவருக்கு யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். ஆனால் பஞ்சாங்கத்தை அவர் நம்பிய அளவுக்கு, வாசிக்கத் தெரிந்த எவரும் நம்பி நான் பார்த்ததில்லை.

கல்லூரியிலிருந்து கார்டு வந்த அன்றே தொல்லை ஆரம்பித்தது. இண்டர்மீடியட் வகுப்பில் எனக்கு இடம் உண்டு. ஞாயிறு மாலை ஹாஸ்டல் திறக்கும். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மார்க் பதிந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துடன், கார்டியனையும் கூட்டிக்கொண்டு ஆபீசில் வந்து நிற்க வேண்டும். தவறினால் இடம், வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இவ்வளவுதான் கார்டில் இருந்தது. இதை அய்யாவுக்குத் தமிழில் சொன்னேன். புரிந்ததா என்று கேட்டு மறுபடியும் சொன்னேன்.

"திங்கக்கெழமையா?" என்றார். "அன்னைக்கு நாளு நல்லால்ல. புதன்கெழமை வாரோம்னு ஒரு கார்டு போட்டுரு."

"அப்படியெல்லாம் போட முடியாதுய்யா."

"ஏன் முடியாது? வரமாட்டோம்னா சொல்லுதோம்? ரெண்டு நாள் கழிச்சு வாரோம்னுதான சொல்லுதோம். கல்யாணத்துக்கே நாள மாத்துதான்."

"இடம் போயிரும்யா. வேற ஒருத்தனுக்குக் குடுத்துருவாங்க."

"உனக்குன்னு எழுதிப்போட்ட எடத்த இன்னொருத்தனுக்கு எப்படிலே குடுப்பான்? அவ்வளவு நாணயம் கெட்டவனா இருந்தா அவங்கிட்ட என்ன படிப்பு?"

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜோசியரைப் பார்க்கக் கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன். நான் இல்லாவிட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்ன முடிவு செய்வார்களோ என்ற பயம் எனக்கு.

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஞாயிறு பரணி, திங்கள் கார்த்திகை, இரண்டிலும் பயணம் ஆகாது. சனிக்கிழமை கிழக்கே சூலம். வெள்ளிக்கிழமை ரேவதி, அருமையான நாள், காலை ஒன்பதுக்குள் புறப்பட்டால் போகிற காரியம் ஜெயம். வெள்ளிக்கிழமை போனால் நான் இரண்டு நாள் எங்கே படுப்பது என்று கேட்டேன். பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு காக்கை குருவியைக்கூடத் தெரியாது.

"அப்பம் பரஸ்தானம் வச்சிருங்க வே," என்றார் ஜோசியர் அய்யாவைப் பார்த்து.

நாள் ஒத்துவராதவர்களுக்கு இது ஒரு வழி. பயணம் போகிறவருடைய பொருள் ஒன்றை நல்ல நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளப்பி, போகிற திசையில் உள்ள இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்தப் பொருள் புறப்பட்ட நேரமே ஆள் புறப்பட்ட நேரம் என்று கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் பாதகமில்லை. வைத்த பொருளை மட்டும் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பயணம் முறிந்தது. ஒரு வேட்டியோ குடையோ போதும் என்றார் ஜோசியர்.

ஒரு வேட்டிதானே என்று நானும் தலையாட்டினேன். சண்டை இல்லாமல் போய்ச் சேர்ந்தால் சரி. திருநெல்வேலி ரோட்டில் பனவடலிசத்திரத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, இருந்தார். வேட்டியை அங்கே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, பழைய பாடப் புத்தகம் ஒன்று தருவதாகச் சொல்லியிருந்த ஒருவரைப் பார்க்கக் கோயில் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் பெட்டி இருந்த மூலையை அம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பொட்டி எங்கம்மா?"

"அய்யா பனவடலிக்குக் கொண்டுட்டுப் போயிருக்காக. ஒம்பதுக்குள்ள கெளம்பணும்லா?"

"வேட்டிதான வைக்கணும்னாரு சோசியரு?"

"வேட்டியும் உள்ளதான் இருக்கு."

"என் துணியெல்லாம்?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு."

"எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்?"

"அதத்தான மொதல்ல வச்சேன்," என்றாள் அம்மா, நான் ஏதோ அவளுடைய புத்திசாலித்தனத்தைச் சந்தேகித்துவிட்டதுபோல. "எல்லாத்துக்கும் அடியில, எடப்பக்க மூலையில. கோயில் புத்துமண்ணும் ஒரு பொட்டணம் கூடவே வச்சிருக்கேன். பூச்சி பொட்டு அண்டாது."

மத்தியானம் அய்யா திரும்பி வந்தார். பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. முகத்தில் ஒரு பெரிய வேலையை முடித்த திருப்தி.

"ஏன்யா இப்படிச் செஞ்சீங்க? ஒரு வேட்டி போதும்னாரே!"

"ஒத்த வேட்டி மட்டும் போனா வேட்டிக்கு மட்டும்தானலே நல்ல நேரம்? நீ படிக்கத்தான போறே? படிப்புப் புத்தகம் கெட்ட நேரத்துல போகவா?"

இப்படி ஒரு தர்க்கத்தை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். எதிர்த்துப் பேசவும் சொல்லித்தர மாட்டார்கள். குளித்துவிட்டு மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு துணி இல்லை. அய்யாவின் காட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டேன். அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "அய்யாவ உரிச்சு வச்சிருக்கு," என்று சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பனவடலியிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலுக்கு உள்ளே வராமல் நின்றே சொன்னார். "பெரியவர் போயிட்டாரு."

பெரியவர் என்றால் அம்மாவின் பெரியப்பா. மாமா வீட்டில்தான் இருந்தார். பல மாதமாகப் படுத்த படுக்கை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் பெட்டியை உள்ளே வைக்கப் போன அய்யா அவருக்கு ஒரு வாய் கஞ்சிகூடக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பரணியைப் பார்த்தார்கள், கார்த்திகையைப் பார்த்தார்கள், கிழக்குச் சூலத்தைப் பார்த்தார்கள். பெட்டி வைத்த இடத்துக்கு நாலடி தள்ளி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த மனிதரை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்.

"என் புத்தகம்?" என்றேன்.

"துட்டிக்குப் போறோம். அங்கன வந்து பொட்டி கிட்டின்னு வாயத் தெறக்காத. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்டதன் பலன்தான் இதுவரை நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

மாமா வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் பெரியவரைக் கிடத்தியிருந்தது. சுற்றிலும் பெண்கள். அவர் தலைமாட்டில் என் பெட்டி. புத்தம் புதுப் பச்சைப் பெட்டி. மூடியில் என் பெயரைப் பெயிண்டர் வளைத்து வளைத்து எழுதியிருந்தான். அந்தப் பெயரின் மேல் நெல் நிறைந்த நாழி. அதன் பக்கத்தில் தலைமாட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தரையில் வைத்த விளக்கைக் கோழி ஒன்று தட்டிவிட்டதாம். அதனால் யாரோ ஒரு புத்திசாலி என் பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறாள்.

அம்மா ஓடிப்போய்ப் பெண்களோடு கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் என் பக்கம் திரும்பி, "பொட்டி பத்திரமாத்தான் இருக்கு மக்கா," என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு மறுபடி அழத் தொடங்கினாள்.

சாயங்காலம் காரியம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்தார்கள். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டியும் விளக்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மாமாவிடம் போய், கொஞ்சம் விளக்கை இறக்கிக் கீழே வைத்தால் பெட்டியைத் திறந்துகொள்வேன் என்றேன்.

மாமா பதில் சொல்வதற்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்துவிட்டாள். சாவு வீட்டு முறைகளில் அந்த ஊரில் அவள் சொன்னதுதான் முடிவு என்று மாமாவின் மனைவி, என் அத்தை, பிறகு சொன்னாள்.

"ஏலே, என்ன சொன்னே? வெளக்க எறக்கவா? பதினாறு முடியந்தட்டி அந்த வெளக்கு அணையவும் கூடாது, எடம் நகரவும் கூடாது. தெரியுமா உனக்கு?"

"ஒரு சாண் தள்ளி வச்சா என்ன ஆகப் போகுது?"

"ஒரு சாண் நகந்தாலும் நகந்ததுதான். காலேசுக்குப் போற பய, கட்டையில போனவரு வெளக்கப் புடுங்க வந்துட்டான் பாரு!"

"நான் நாளைக்குப் போகணும். திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள அந்தப் புத்தகம் இல்லேன்னா எனக்கு இடம் கிடையாது."

"பதினாறு கழிச்சுப் போ. பள்ளிக்கூடம் என்ன ஓடியா போகுது?"

"ஓடித்தான் போகும்!" என்று கத்திவிட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா என் தோளைத் தொட்டு, "ஏ மாப்ள, சத்தம் போடாத. எழவு வீடு," என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் வெட்கப்பட்டு என்ன செய்வது? பதினொரு வருஷம் படித்த படிப்பு முழுவதும் அந்த விளக்குக்கு அடியில் பூட்டிக் கிடந்தது. அது போனால் நான் மறுபடியும் பருத்திக் காட்டில்தான் நிற்க வேண்டும். அதைச் சொன்னால் அங்கே யாருக்கும் அது பெரிய கஷ்டமாகத் தோன்றாது என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் பருத்திக் காட்டில் நிற்பவர்கள்தான்.

அய்யா தூணில் சாய்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"வெளக்குதான நகரக் கூடாது?"

"ஆமா."

"பொட்டியத் தொடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே?"

"பொட்டியத் தெறந்தா வெளக்கு சாயும்லா?"

"மூடியத் தூக்குனாத்தான சாயும்? மூடிய யாரு தூக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு மாமா பக்கம் திரும்பினார். "மாப்ள, உளியும் சுத்தியலும் இருந்தா எடுத்துட்டு வா."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "அத்தான், புதுப் பொட்டி!"

"தெரியும். வாங்குனவன் நான்தான."

கிழவி யோசித்தாள். இதற்கு முன் எந்தச் சாவு வீட்டிலும் தலைமாட்டுப் பெட்டியை யாரும் வெட்டியதில்லை போலிருக்கிறது. வெட்டக் கூடாது என்று ஒரு முறையும் இல்லை. "வெளக்கு ஆடாமப் பாத்துக்கிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுச் சுடரைச் சுற்றி இரண்டு கைகளாலும் அணை கொடுத்தாள். மாமா நாழியையும் விளக்கின் அடியையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அய்யா பக்கவாட்டில் குப்புறப் படுத்தார்.

"எங்கட்டி வச்சே?"

"அடியில. எடப்பக்க மூலை."

"உனக்கு எடமா, பொட்டிக்கு எடமா?"

அம்மா திணறினாள். பெட்டியை மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். "பூட்டு என்னப் பாத்து இருந்திச்சு. அப்பம் எனக்கு எடம்."

அந்தப் பூட்டு இப்போது சுவரைப் பார்த்து இருந்தது. எந்தப் பக்கம் எந்தப் பக்கம் ஆயிற்று என்று மூன்று பேரும் வாதாடினார்கள். நான் இடையில் புகுந்து கைகாட்டி, இந்தப் பக்கம்தான் என்றேன். அன்றைக்கு முழுவதும் என் பேச்சை அவர்கள் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தகடு தடிமன். அய்யா ஒவ்வொரு அடியாக, அழுத்தி, சத்தம் வராமல் அடித்தார். அடிக்கு ஒரு முறை சுடர் நடுங்கியது. அடிக்கு ஒரு முறை கிழவி, "மெள்ள, மெள்ள," என்றாள். மண்ணெண்ணெய் டின்னைக் கிழிப்பதுபோல மூன்று பக்கம் வெட்டித் தகட்டை வெளியே மடக்கினார். ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. நான் கையை விட்டேன். முதலில் புற்றுமண் பொட்டலம் வந்தது. அது கிழிந்து கையெல்லாம் மண். அடுத்துப் புத்தகம் வந்தது. மூலை மட்டும் மடங்கியிருந்தது. அதைப் பிரித்து என் பெயரையும் மார்க்கையும் பார்த்தேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது; ஆனால் சாவு வீட்டில் நான் பெரியவருக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு இரண்டு வேட்டி, சட்டைகள், துண்டு ஒவ்வொன்றாக வந்தன. ஒரு வேட்டி தகட்டு முனையில் மாட்டி ஒரு முழத்துக்குக் கிழிந்தது.

"உள்பக்கமா மடிச்சுக் கட்டு. யாரு பாக்கப் போறா?" என்றார் அய்யா.

தலையணையும் கண்ணாடியும் முறுக்கு டின்னும் ஓட்டையில் நுழையவில்லை. அம்மா முறுக்குக்காக ஓட்டையைப் பெரிதாக்கச் சொன்னாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஒரு வழியாகத் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கிருந்து புறப்படுவது என்று அடுத்த பேச்சு ஆரம்பித்தது. துட்டி வீட்டிலிருந்து நேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த சாமானோடு சங்கரன்கோவிலுக்குத் திரும்பினால் கிளம்பிய பயணம் முறிந்ததாகிவிடும். கடைசியில் அய்யா என்னை ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்து, அங்கிருந்து நேராக ரோட்டுக்கு நடத்தினார். துணிமணி எல்லாம் மாமா கொடுத்த பருத்திச் சாக்கில். கல்லூரிக்குப் போகிறவனைப்போல நான் இல்லை; சந்தைக்குப் போகிறவனைப்போல இருந்தேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது என்னால் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இன்னைக்குப் பரணிதான? பொட்டி முன்னால போனாத்தான் எனக்குப் பாதகமில்லன்னீங்க. பொட்டி இங்கயேல்லா இருக்கு?"

"பொறப்பட்ட நேரம்தான் கணக்கு," என்றார் அய்யா. "போயிச் சேந்த எடமா கணக்கு?"

கார்டியன் என்ற முறையில் கையெழுத்து வேண்டும் என்பதால் அவரும் என்னோடு வந்தார். ஹாஸ்டலில் அவருக்கு இடம் இல்லாததால் ஞாயிறு ராத்திரி இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டிலேயே சாக்கைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும் முன்பே வரிசையில் நின்றோம். எல்லாரும் பூட்ஸும் கோட்டுமாக இல்லாவிட்டாலும் சாக்குடன் யாரும் இல்லை. குமாஸ்தா என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிரித்தார். ஏட்டுக்கு நடுவிலிருந்து புற்றுமண் அவர் மேஜையில் கொட்டியது. அவர் உள்ளங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு மார்க்கைப் பதிந்துகொண்டார். அய்யா கட்டைவிரலை மசியில் தோய்த்து அவர் காட்டிய இடத்தில் அழுத்தமாக வைத்தார். வெளியே பெயர் வராதவர்கள் சிலர் சுவரோரம் காத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என் வயசுதான். நான் வராமல் போயிருந்தால் உள்ளே போயிருக்க வேண்டியவன் அவனாகக்கூட இருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ஹாஸ்டல் வாசல் வரைக்கும் அய்யா சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கேட்டும் தரவில்லை. கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தார். மாடி வராந்தாவில் பையன்கள் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் என்னைத் தொடவில்லை.

"எடம் கெடச்சிட்டுல்லா?" என்று கேட்டார்.

"கெடச்சிட்டுய்யா."

"இனிமே எவனுக்கும் மாத்திக் குடுக்க மாட்டான்லா?"

"மாட்டாங்க."

"சரி, அப்பம் நான் வாரேன்." நாலு அடி போனவர் திரும்பி வந்தார். "லீவுக்கு வரும்போது இன்ன நாளுன்னு முன்னக்கூட்டியே ஒரு கார்டு போடு. சோசியர்ட்டக் கேட்டு, என்னைக்குப் பொறப்படணும்னு எழுதச் சொல்லுதேன்."

எழுதுகிறேன் என்றேன். லீவு விடுகிற நாளைக் கல்லூரிதான் தீர்மானிக்கிறது, அதைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லி நான் கேட்க முடியாது என்பதையெல்லாம் அங்கே நின்று அவருக்கு விளக்கத் தொடங்கினால், ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸையும் அவர் விட்டுவிடுவார்.